தமிழ் மருந்தா, கிளினிக் மருந்தா: முடக்குவாதக்காரருக்கு ஓர் ஒப்பீடு

"முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள், வருடக்கணக்கில் குளிசை போட வேண்டுமாம், அதுவும் புற்றுநோய்க்குக் கொடுக்கிற குளிசையாம், பேசாமல் தமிழ் மருந்துக்குப் போனால் என்ன?" திருகோணமலைப் பக்கம் உவர்மலையில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் சுற்றிச் சுற்றி இதே கேள்விதான் வருகிறது. கேட்பவர்கள் அனேகமாகப் பெண்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்காகக் கேட்கிற பிள்ளைகள். மூட்டுகளைத் தாக்குகிற இந்த வருத்தம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது.

நான் டொக்டரும் இல்லை, பரியாரியும் இல்லை. வீட்டில் மச்சாளுக்கு இந்த வருத்தம். அவரோடு கிளினிக் வாங்கிலும் இருந்திருக்கிறேன், எண்ணெய் காய்ச்சுகிற வீட்டு விறாந்தையிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைத் திட்டுவதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆகவே யார் பெரியவர் என்பதை விட்டுவிட்டு, எந்த வழி என்ன வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்போம்.

## முதலில், இது முடக்குவாதம்தானா?

மூட்டு வலியில் பல வகை. வயதானவரின் முழங்கால் தேய்மானம் வேறு, கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்குகிற கவுட் வேறு. நம்முடைய பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, சிக்குன்குனியா. 2006 கடைசியில் அது கிழக்கிலும் வடக்கிலும் பரவியபோது காய்ச்சல் போனபிறகும் மாதக்கணக்கில் கை மடக்க முடியாமல் கிடந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது முடக்குவாதம் போலவே இருக்கும், பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் யார் எந்த எண்ணெயைப் பூசியிருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குத்தான் போகும். "இன்னாருக்கு முடக்குவாதம் மூன்று மாதத்தில் முற்றாக மாறியது" என்ற கதைகளில் எத்தனை இந்தக் கணக்கோ!

முடக்குவாதம் என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கையிலும், விரல் மொளிகளிலும் மணிக்கட்டிலும் ஒரே மாதிரி வீக்கம், காலையில் எழும்பினால் அரை மணித்தியாலத்துக்கு மேல், சிலருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் விறைப்பு. ஆர்.எஃப், அன்டி சி.சி.பி, ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற இரத்தப் பரிசோதனைகளும் (கடைசி இரண்டும் உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும்) கை, கால் எக்ஸ்றேயும் எடுத்துப் பார்ப்பார்கள். எந்த வழியில் போவதானாலும் இதைச் செய்யாமல் போகாதீர்கள், ஏனென்றால் பிறகு "குறைந்ததா" என்று ஒப்பிட ஆரம்பக் கணக்கு வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வலி குறைந்ததா என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள்தான் கடைசியில் விரல் கோணி நிற்கிறார்கள். டைக்ளோபெனாக் என்ற வலிக் குளிசை போட்டாலும் வலி குறையும். உள்ளே எலும்பு அரிபடுவது நிற்காது. அந்த அரிப்பு அனேகமாக முதல் இரண்டு வருடத்துக்குள் எக்ஸ்றேயில் தெரியத் தொடங்கும், அரிபட்ட எலும்பை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஆக என் முதலாவது அளவுகோல்: மூட்டு அரிப்பை நிறுத்துமா, நிறுத்தும் என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டாவது, எவ்வளவு நாளில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மருந்தை மாற்ற ஆள் இருக்கிறதா. மூன்றாவது, மருந்தால் ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ கெடுதல் வந்தால் அதை யார் கண்டுபிடிப்பார்கள். நான்காவது, முழுச் செலவு. மருந்தின் விலையோடு பஸ் காசு, போன நாள் கூலி, லாப் காசு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கடைசியாக உங்கள் சொந்த நிலைமை: பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா, சீனி வருத்தம், பிரஷர், ஈரல் பிரச்சினை ஏதும் உண்டா.

## கிளினிக் மருந்து

முதல் அளவுகோலில் இதற்குக் கிட்ட எதுவும் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னணி மருந்து மெதொட்ரெக்சேட். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான், பொய்யில்லை. ஆனால் இங்கே கொடுப்பது அதில் சின்ன அளவு, கிழமைக்கு ஒரு நாள், 7.5 மில்லிகிராமில் இருந்து 25 வரை. அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு இதை 1988 இல் அங்கீகரித்தார்கள், ஆகவே நீண்டகாலக் கணக்கு கையில் இருக்கிறது. அதோடு ஹைட்ரொக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைட் என்று மாற்றவும் சேர்க்கவும் வேறு குளிசைகள் உண்டு. ஆரம்பத்தில் வீக்கத்தை அடக்கப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், மெதொட்ரெக்சேட் வேலை செய்ய 6 முதல் 12 கிழமை ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். வயிற்றைப் புரட்டும், வாயில் புண் வரும், சிலருக்கு முடி உதிரும். ஃபோலிக் அசிட் கொடுப்பது அதற்காகத்தான். ஈரலையும் இரத்த அணுக்களையும் பார்க்க ஆரம்பத்தில் சில கிழமைக்கு ஒரு தடவையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் இரத்தம் கொடுக்க வேண்டும். சாராயம், கள்ளு கூடவே கூடாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்ற வேண்டும், தரித்த பிறகு சொல்வது பிந்திவிடும்.

ஒரு விஷயம் மட்டும் விரிவாக. மச்சாளுக்குக் கிடைத்த மெதொட்ரெக்சேட்டும் ஃபோலிக் அசிட்டும் இரண்டும் சின்ன மஞ்சள் குளிசை, இரண்டும் ஒரே மாதிரிக் கடதாசிப் பையில். மெதொட்ரெக்சேட்டை நாளாந்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் செய்தது, சுவரில் தொங்குகிற நாட்கலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாள்களுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மெதொட்ரெக்சேட் பையைச் சமையலறையில் வைக்காமல் அலுமாரிக்குள் வைத்தது. குளிசை 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். கிளினிக்கில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்க எழுதித் தந்தால் பாமசியில் "எத்தனை மில்லிகிராம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆறு குளிசை என்று பழகிய கை, 10 மில்லிகிராமிலும் ஆறு எடுத்துவிடும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆனால் அதை அடைவது இலவசமில்லை. மூதூர்க்காரருக்கு லோஞ்சில் வந்த காலத்தோடு பார்த்தால் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் லேசுதான். ஆனாலும் வீங்கிய முழங்காலோடு விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது லேசில்லை, அன்றைய கூலியும் போய்விடும். 2022 நெருக்கடி நேரத்தில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். குளிசைகள் கேட்காமல் ஊசி மருந்துக்குப் போக நேர்ந்தால் விலை வேறு உலகம், அதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

## சித்தம், ஆயுர்வேதம், யூனானி

திருகோணமலைக்காரருக்கு இதில் மற்ற ஊர்களைவிட வசதி கூட. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், சித்த மருத்துவப் படிப்பே நடக்கிறது. அரசாங்கச் சுதேச வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கலாம். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி சித்தம், யூனானி வைத்தியர்களும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

சித்தத்தில் இந்த வருத்தத்தை உதிரவாத சுரோணிதம் என்ற தலைப்பின் கீழ்ப் பார்க்கிறார்கள். உள்ளுக்குக் கசாயம், சூரணம். வெளியே தைலம், நொச்சி ஆமணக்கு இலை ஒற்றடம், பற்று. கூடவே பத்தியம். வெளிமருந்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. இளஞ்சூட்டில் எண்ணெய் பூசி உருவிவிட்டால் விறைப்பு இளகுகிறது, வீட்டு ஆள் ஒருவர் அரை மணித்தியாலம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், அதுவும் மருந்துதான். சிவந்து கொதிக்கிற மூட்டில் மட்டும் சூட்டையும் அழுத்திப் பிடிப்பதையும் தவிருங்கள்.

உள்மருந்துக்கு ஆதாரம் இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. கோயம்புத்தூரில் 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆயுர்வேதம், ஒரு பகுதிக்கு மெதொட்ரெக்சேட், ஒரு பகுதிக்கு இரண்டும் என்று 36 கிழமை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011 இல் வெளியானது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளந்து பார்த்த டொக்டருக்கும் தெரியாது. மூன்றிலும் பலன் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது. தமிழ் மருந்து ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், ஆடட்டும், ஆனால் 43 பேர் என்பது பெரிய ஆய்வு செய்யலாமா என்று பார்க்கிற முன்னோட்டம். அதிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருந்து எழுதி, இரத்தம் பார்த்து, கண்காணித்து நடந்தது. போத்தலைக் கையில் தந்து "மூன்று மாதம் குடித்துவிட்டு வாங்கோ" என்று அனுப்பியதில்லை.

இனிப் பயப்பட வேண்டியது. பற்பம், செந்தூரம் வகைகளில் சிலவற்றில் இரசம் (பாதரசம்), ஈயம், பாஷாணம் சேர்ப்பது முறைப்படியே உண்டு. சுத்தி செய்துதான் சேர்க்கிறோம் என்பார்கள், ஆனால் அந்தச் சுத்தி சரியாக நடந்ததா என்று குடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் போஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004 இல் வெளியான ஆய்வில், 14 இல் ஈயமோ இரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அது கடைச் சரக்கு, உங்கள் வைத்தியர் இடித்த சூரணம் இல்லை, சரி. என்றாலும் "இதில் இரசம் சேர்ந்த மருந்து உண்டா?" என்று நேரே கேளுங்கள். உண்டு என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், மூலிகையிலேயே வேறு மருந்து கேட்கலாம்.

இன்னொன்று சீந்தில் கொடி. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சொல்லி விற்கிற எதையும் நம்முடைய வருத்தக்காரர் இரண்டு தடவை யோசிக்க வேண்டும், நம்முடைய தொல்லையே எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஓடுவதுதானே. கோவிட் நேரத்தில் சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை டொக்டர்கள் எழுதினார்கள். தன்னைத்தானே தாக்கும் வருத்தம் ஏற்கெனவே உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். பாரம்பரிய மருத்துவத்தைப் பார்க்கிற இந்திய ஆயுஷ் அமைச்சு அதை ஏற்கவில்லை. சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும், மெதொட்ரெக்சேட் போடுகிற ஈரலோடு நான் அந்தப் பந்தயத்துக்குப் போகமாட்டேன். அமுக்கராவுக்கும் இதே பதில்.

## பெயரில்லாத பொடி, பார்சலில் வரும் குளிசை

"மூன்றாம் நாளே எழும்பி நடந்தேன்." இந்த வசனத்தைக் கேட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அவ்வளவு வேகமாக வேலை செய்வது அனேகமாக ஸ்டெரொயிட். நாட்டு மருந்துப் பொடிகளில் அதைக் கலந்து விற்றுப் பிடிபட்ட சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. முகம் உருண்டு வீங்கும், சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு மெலியும். நல்லா இருக்கிறது என்று மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், பொடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

## உணவு, மீன் எண்ணெய், கன்னியா

மீன் எண்ணெய்க்கு ஆதாரம் உண்டு. வலிக் குளிசைத் தேவையைக் குறைக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு ஒமேகா-3 கொழுப்பு மூன்று கிராம் அளவுக்கு, இரண்டு மூன்று மாதம் எடுக்க வேண்டும். கடையில் விற்கிற சாதாரண 1000 மில்லிகிராம் குளிசையில் உண்மையான ஒமேகா 300 மில்லிகிராம் அளவுதான். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒன்பது பத்துக் குளிசை! காசைக் கணக்குப் பாருங்கள். சாளையும் சூடையும் கிடைக்கிற ஊரில் அதைக் குழம்பு வைத்துத் தின்பது உடம்புக்கு நல்லது, ருசியும்கூட, ஆனால் மூன்று கிராம் கணக்கு அதில் நாளாந்தம் வராது. மஞ்சளும் அப்படித்தான், கறியில் போடுகிற அளவு போதாது, மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் குளிசைகளோ சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கின்றன. புகைப்பவர் புகையை விடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, அதற்குச் செலவும் இல்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டால் விறைப்பு இளகிக் கொஞ்ச நேரத்துக்குச் சுகம். வீட்டில் காலையில் ஒரு பேசின் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டினாலும் அதே வேலை நடக்கும். கைப்பயிற்சியைச் சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் 490 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது, மருந்தோடு முறையான கைப்பயிற்சியும் செய்தவர்களின் கை கூடுதலாக இயங்கியது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஹோமியோபதியைப் பற்றி ஒரு வரி: 83 முடக்குவாதக்காரரை வைத்து 2011 இல் வெளியான ஆய்வில், பலன் தந்தது வைத்தியர் நேரமெடுத்துக் கதைத்ததுதான், மருந்தால் தனிப் பலன் வரவில்லை. நம்முடைய கிளினிக்குகள் இதைக் கவனிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மூட்டு அரிப்பை நிறுத்துமா | ஒளிந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| கிளினிக் மருந்து | ஆம், நல்ல ஆதாரம் | பயணம், கூலி, லாப், தட்டுப்பாடு | வருத்தம் உறுதியானதும், முக்கியமாக முதல் சில மாதம் |
| பதிவுள்ள சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர் | உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது | பத்தியம், நீண்ட காலம், ஈரல் சிறுநீரகப் பரிசோதனை | விறைப்புக்கும் வலிக்கும் வெளிமருந்து, கிளினிக் மருந்தோடு |
| பெயரில்லாத பொடி | இல்லை | சீனி, பிரஷர், எலும்பு, உயிர் | ஒருபோதும் இல்லை |
| உணவு, பயிற்சி, சூட்டுத் தண்ணீர் | இல்லை | மீன் எண்ணெய்க்குக் காசு | எல்லோருக்கும், மருந்தோடு |

## இரண்டையும் சேர்ப்பதானால்

உண்மையில் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான், ஆனால் ஒளித்துச் செய்கிறார்கள். கிளினிக்கில் திட்டுவார்கள் என்று தைலத்தையும் கசாயத்தையும் சொல்லாமல் விடுகிறார்கள். பிறகு ஈரல் கணக்கு ஏறினால் டொக்டர் மெதொட்ரெக்சேட்டைக் குறைக்கிறார், கசாயம் தொடர்கிறது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, சூரணப் பையின் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டுங்கள். கிளினிக் கொப்பியைச் சித்த வைத்தியரிடமும் காட்டுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு புது மருந்தைத் தொடங்க வேண்டாம், எது பலன் தந்தது எது கெடுத்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. காய்ச்சல் வந்தால் அந்தக் கிழமை மெதொட்ரெக்சேட்டைப் போட முன் டொக்டரைக் கேளுங்கள்.

"என்ன சொன்னாலும் இங்கிலிஷ் மருந்து போடமாட்டேன்" என்று பிடிவாதமாக இருக்கிற பெரியம்மாமார் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடிப்பதைவிட ஒரு தவணை போடுங்கள். இன்றைக்கு சி.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர், கை கால் எக்ஸ்றே எடுத்து வைத்து, வீங்கிய மூட்டுகளை எண்ணி எழுதிவிட்டு, பதிவுள்ள வைத்தியரிடம் மூன்று மாதம். கிளினிக் மருந்துக்கும் டொக்டர்கள் போடுகிற தவணை அதுதான்: மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் வருத்தம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும். வலி குறைந்து சி.ஆர்.பி குறையாமலும் வீக்கம் போகாமலும் இருந்தால் தவணை முடிந்தது, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகவேண்டியதுதான்.

பல வருடம் மருந்து போட்டு வீக்கமே இல்லாமல் இருப்பவர் குறைக்க விரும்பினால் அது நியாயமான ஆசை, டொக்டரே படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். தானாக நிறுத்தியவர்களில் பலருக்குத் திரும்ப வீங்கும்.

கடைசியாக, இதையெல்லாம் அப்படியே லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிற இன்னொரு வருத்தம்) உள்ளவர் தனக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. முகத்தில் கன்னத்தோடு மூக்கில் சிவப்பு, மூட்டு வலி, களைப்பு என்று அதுவும் இளம் பெண்களுக்குத்தான் கூட வருகிறது, ஆனால் அது சிறுநீரகத்தை வலி இல்லாமலே கெடுக்கும். அவர்களுக்கு மூன்று மாதத் தவணை என்ற பேச்சே இல்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். கண் இமையோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், எண்ணெய் ஒற்றடம் ஒன்றும் யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.